ஆளும் அத்தாட்சியும்



உங்கள் கைவசமுள்ள தேசிய அடையாள அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பழைய அட்டையாயின் அதில் ஒன்பது இலக்கங்களும் ஈற்றில் ஓர் எழுத்தும் இருக்கும். முதலிரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டைக் குறிப்பன. அவற்றை அடுத்துவரும் மூன்று இலக்கங்களைச் சற்றே கவனியுங்கள். ஆண்டின் எத்தனையாம் நாளில் நீங்கள் பிறந்தீர்கள் என்பதை அவை காட்டும். 1990ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் முதலாந் தேதி பிறந்த ஆண்மகனின் அட்டை 90032 என்று தொடங்கும். அதே நாளிற் பிறந்த பெண்மகளின் அட்டையோ 90532 என்று தொடங்கும். பெண்ணாயின் நாட்கணக்கோடு 500ஐக் கூட்டிக் கொள்ளுதல் நமது நாட்டு வழக்கம். 2016ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் பன்னிரண்டு இலக்க அட்டையிலும் இந்த 500 அப்படியேதான் இருக்கிறது.

அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரியும் நம்மிற் பலருக்கு இது தெரியாது. தெரியவேண்டிய தேவையும் ஏற்படுவதில்லை. ஆனால் வங்கியிலே கணக்குத் திறக்கும்போதும், ஊழியர் சேமலாப நிதியிலே பெயர் பதியும்போதும், பரீட்சைக்குத் தோற்றும்போதும் இந்த இலக்கமே நமக்கு முன்னாற் போய் நிற்கிறது. நாம் வாயைத் திறப்பதற்கு முன்பே, 'இவர் ஆண்' என்றோ 'இவர் பெண்' என்றோ அது சொல்லிவிடுகிறது. அவ்வாறு அது சொல்லுவது, அட்டைக்குரியவர் தம்மை அறிந்திருக்கும் நிலைக்கு மாறாக இருந்தால் என்ன செய்வது? இன்றைய பேச்சு இதனைப் பற்றியது.

ஆணாய்ப் பிறந்ததாகப் பதியப்பெற்றும் பெண்ணாகவே தம்மை உணர்ந்து வாழ்பவரைத் திருநங்கை என்றும், பெண்ணாய்ப் பதியப்பெற்று ஆணாக வாழ்பவரைத் திருநம்பி என்றும் இப்பொழுது தமிழில் மதிப்போடு வழங்குகின்றோம். முன்பு வழங்கிய சொற்கள் பல, வசைச் சொற்களாகவே தேய்ந்துவிட்டன. அவற்றை இந்த ஒலிபெருக்கியின் முன்னே சொல்ல எனக்கு விருப்பமில்லை. இவர்களையன்றி, பிறந்த வேளையிலேயே ஆணா பெண்ணா என்று மருத்துவிச்சி தயங்கி நிற்கும் உடலமைப்போடு பிறக்கும் பிள்ளைகளும் உண்டு. இவ்விரு வகையினரையும் ஒன்றென மயங்குதல் கூடாது. ஆயினும் பதிவேட்டின் முன் இருவருக்கும் நேரும் இடர் ஏறக்குறைய ஒரே தன்மையது.

இதனைக் கொழும்பிலிருந்து பேசுவதற்கும் ஊவாவிலிருந்து பேசுவதற்கும் வேறுபாடு உண்டு. பட்டணத்திலே அயல் வீட்டாரின் பெயரறியாமலே பத்தாண்டு வாழ்ந்துவிடலாம். தோட்டத்து லயத்திலே அது நடவாது. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்று கட்டப்பட்ட அறைகள். ஒரு சுவருக்கு அப்பால் இன்னொரு குடும்பம். ஒருவர் இருமினால் மற்றவர் கஷாயம் கொண்டுவருவார். அந்த அன்பின் மறுபுறமே அங்கு இரகசியம் என்ற ஒன்று இல்லாமையும். ஒரு பிள்ளையின் நடையும் பேச்சும் மற்றப் பிள்ளைகளினின்று வேறுபட்டால், அதனைத் தாய் அறிவதற்கு முன்பே லயம் அறிந்துவிடும்.

வேலையும் பாலைப் பார்த்தே பிரிக்கப்பட்டிருக்கிறது. பெரட்டுக் களத்திலே பேர் பதியும்பொழுது பெரும்பாலும் பெண்கள் கொழுந்துக்கும், ஆண்கள் கவ்வாத்துக்கும் மருந்தடிப்புக்கும் ஸ்டோருக்கும் போகிறார்கள். 1984ஆம் ஆண்டு வரையில், ஆண் என்று செக்றோலில் எழுதப்பட்டவருக்கு ஒரு நாட்கூலியும், பெண் என்று எழுதப்பட்டவருக்கு அதனினும் குறைந்த கூலியும் கொடுக்கப்பட்டன. அவ்வாண்டிலேதான் இரண்டும் சமனாக்கப்பட்டன. ஏட்டிலே ஒருவரின் பால் எழுதப்படுவது வெறும் எழுத்தன்று, அரிசியும் பருப்பும் அதனோடு தொடர்புடையன என்பதைத் தோட்டத்து மக்களுக்கு வேறெவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

பசறைக்கு அப்பாலோ, மடுல்சீமையிலோ, தம்பேதன்னைப் பக்கத்திலோ உள்ள ஒரு தோட்டத்துப் பிள்ளையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இது நான் கற்பிக்கும் பிள்ளை, எவரையும் சுட்டவில்லை. மகன் என்று பதியப்பட்ட அந்தப் பிள்ளை, பதினைந்து பதினாறு வயதில் தன்னை மகள் என்று அறிகிறது. பள்ளியிலே கேலி. படிப்பு நின்றுபோகிறது. வீட்டிலே முதலில் அடி, பிறகு அழுகை, பிறகு மௌனம். கடைசியில், மலையகத்து இளைஞர் ஆயிரமாயிரம் பேர் போவது போலவே, பதுளை நிலையத்தில் இரயிலேறிக் கொழும்புக்கு வேலை தேடிப் போகிறது. அங்கே சேலையுடுத்தி, கூந்தல் முடித்து, புதிய பெயரோடு வாழத் தொடங்குகிறது. வேலை கொடுப்பவர் அட்டையைக் கேட்கிறார். அட்டையிலோ வேறொரு பெயர், வேறொரு முகம், 500 கூட்டப்படாத ஓர் இலக்கம். அவ்விடத்தில் வேலை முடிந்தது. வழியிலே காவற்காரர் மறித்தால், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையிலே ஆள்மாறாட்டத்தைப் பற்றிய பிரிவு ஒன்று இருக்கிறது. 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டமும் இருக்கிறது. மோசடிக்காரருக்கும் ஊர்சுற்றிகளுக்குமாக எழுதப்பட்ட இச்சட்டங்கள், தம் முகத்தோடு தம் அட்டை பொருந்தாத ஒரே காரணத்துக்காக இவர்கள் மேல் வீசப்பட்டிருக்கின்றன.

'இவர்கள் தொகை எவ்வளவு? சிலருக்காகப் பதிவேட்டையே மாற்றுவதா?' என்று கேட்போர் உளர். மலையகத்தார் இக்கேள்வியைக் கேட்கும்பொழுது எனக்குச் சற்றே வியப்பு உண்டாகிறது. தாளுக்கும் ஆளுக்கும் இடையே ஏற்படும் பிளவினால் நம்மைப்போல் வருந்திய மக்கள் இத்தீவிலே வேறு யார்? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், இந்த மலைகளிலே பிறந்து இந்த மலைகளிலேயே உழைத்தவர்களை, தந்தையோ, அன்றிப் பாட்டனும் பூட்டனுமோ இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டுப் புறத்தே நிறுத்தியது. பிறப்பைப் பதிந்து வையாத பாட்டனுக்கு அத்தாட்சி எங்கிருந்து வரும்? 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 150,000 பேரின் கணக்கைப் பின்னொரு நாளைக்கு ஒத்திவைத்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும், பின்னர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் வந்த பிறகே நாடற்றவர் என்ற பெயர் நீங்கியது. அரை நூற்றாண்டுக்கு மேலாக, 'நீ யார் என்பதை நீ சொல்லாதே, தாள் சொல்லட்டும்' என்ற குரலைக் கேட்டு வாழ்ந்தவர்கள் நாம்.

குடியுரிமை கிடைத்த பின்னும் தாளின் தொல்லை தீர்ந்தபாடில்லை. தோட்டத்திற் பிறக்கும் பிள்ளையின் பிறப்பைத் தோட்டத்து அதிகாரிக்கு அறிவிக்க, அவர் பதிவாளருக்கு எழுதியனுப்புவது என்று 1951ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்திலேயே தனி ஏற்பாடு உண்டு. தாய் சொன்ன பெயர் ஒன்று. எழுதுவோர் காதில் விழுந்தது ஒன்று. சிங்கள எழுத்துக்கு மாறியபோது ஆனது மற்றொன்று. முதுமையிலே சேமலாப நிதிப் பணத்தைப் பெறப் போகும்போது, 'இவரும் அவரும் ஒருவரே' என்று சத்தியக் கடதாசி முடித்துக் கொடுக்காத தோட்டக் குடும்பம் அரிது. 2014ஆம் ஆண்டு ஒக்ரோபர் 29ஆந் தேதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபொழுது, லயங்களோடும் உயிர்களோடும் மக்களின் பத்திரங்களும் மண்ணுக்குள் போயின. உயிர் தப்பியோர் முதலிலே துயரத்தையும் அடுத்தபடியாகத் தாம் இன்னார் என்பதையும் மெய்ப்பிக்க வேண்டியவராயினர்.

ஆகவே பதிவேட்டைத் திருத்தும் வழி எளிதாயிருக்க வேண்டும் என்பதில் மலையகத்தார்க்கு உள்ள அக்கறை சிறிதன்று. இனி, இவர்களுக்கென்று வகுக்கப்பட்ட வழி யாது என்று பார்ப்போம்.

2016ஆம் ஆண்டிலே, இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் முயற்சியும் சேர, சுகாதார அமைச்சு ஒரு சுற்றறிக்கையை வெளியிட்டது. பதிவாளர் நாயகமும் அதற்கியையத் தம் திணைக்களத்துக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அவற்றின்படி, உளநல வைத்திய நிபுணர் ஒருவரிடம் சென்று, அவர் பலமுறை கண்டு ஆராய்ந்த பின், பால்நிலை ஏற்புச் சான்றிதழ் ஒன்றைப் பெறலாம். இன்னார் வேண்டிய மருத்துவ சிகிச்சைக்கு அனுப்பப்பட்டார், தாம் உணரும் பால்நிலையிலேயே சமூகத்தில் வாழ்ந்து வருகிறார் என்று நிபுணர் அதிலே கையொப்பமிடுவார். அதனைக் கொண்டு பிறப்பத்தாட்சியிலே பெயரையும் பாலையும் திருத்திக்கொள்ளலாம். திருத்திய பிறப்பத்தாட்சியைக் கொண்டு ஆட்பதிவுத் திணைக்களத்திலே புதிய அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

தென்னாசியாவிலே இது குறைவான ஏற்பாடன்று. ஆனால் இந்த வழியிலே நடந்துபோகிறவர் யார், எங்கிருந்து நடக்கிறார் என்பதை வைத்தே அதனை மதிப்பிட வேண்டும். உளநல நிபுணர் பதுளைப் பெரியாஸ்பத்திரியைப் போன்ற இடங்களில் இருப்பார். தோட்டத்து டிஸ்பென்சரியில் இரார். நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பதுளைக்கு வருவதென்றால் ஒரு நாட்பேர் போயிற்று, பஸ்கூலி வேறு. ஒருமுறை வந்து முடிவதும் அன்று. நிபுணர் முன்னே தன் உள்ளத்தின் உள்ளறையைத் திறந்து காட்ட வேண்டியவர், அதனை எந்த மொழியில் திறப்பார்? பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகளிலே சிங்களமும் தமிழும் இரண்டும் நிருவாக மொழிகள் என்று பிரகடனம் உண்டு. பிரகடனம் சுவரிலே தொங்குகிறது. மேசைக்கு அந்தப் பக்கத்தில் தமிழறிந்தவர் இல்லாவிடின், அயலாரையோ உறவினரையோ மொழிபெயர்க்க அழைத்துப் போக வேண்டியிருக்கும். வேறு எந்தக் கருமத்துக்கும் அது பொறுக்கத்தக்கது. இந்தக் கருமத்துக்கு அது பொறுக்கத்தக்கதன்று.

மற்றொரு குறையும் உண்டு. ஆணிலிருந்து பெண்ணுக்கோ பெண்ணிலிருந்து ஆணுக்கோ மாறலாமேயன்றி, இரண்டிலும் அடங்காதவருக்கு அந்தப் பத்திரத்திலே இடமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, இது சட்டமன்று, சுற்றறிக்கை. ஒரு சுற்றறிக்கையால் வந்ததை மற்றொரு சுற்றறிக்கை எடுத்துவிடலாம்.

சட்டமாக்க முயன்றபொழுது என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லுதல் வேண்டும். தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளைத் திருத்தி, ஒருபாற் சேர்க்கையைக் குற்றமல்லாததாக்க ஒரு தனியங்கத்தவர் சட்டமூலம் 2023ஆம் ஆண்டு வந்தது. அது அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று உயர் நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதத்திலே தீர்மானித்தது. எனினும் 2024 செப்டெம்பரிலே பாராளுமன்றம் கலைக்கப்பட, அச்சட்டமூலமும் நிறைவேறாமலே ஒழிந்தது. பால்நிலைச் சமத்துவச் சட்டமூலம் என்று வேறொன்று 2024இல் வந்தது. எதிர்த்து மனுச் செய்தவர் பலர். அதன் முழுமையும் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரைக்கு மாறுபட்டது, மூன்றிலிரண்டு பெரும்பான்மையும் சர்வசன வாக்கெடுப்பும் இன்றி நிறைவேற்றலாகாது என்று உயர் நீதிமன்றம் அவ்வாண்டு ஜூன் மாதத்திலே தீர்மானித்தது. சமத்துவத்தை உறுதிசெய்யும் உறுப்புரையைக் கொண்டே சமத்துவச் சட்டமூலம் தடைப்பட்ட இந்த நிகழ்ச்சியைச் சட்ட மாணவர் நெடுநாள் ஆராய்வர்.

எதிர்ப்போரெல்லாரும் கொடியவர் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் சொல்லும் காரணங்களுட் சில ஆராயத்தக்கவை. பிறப்பத்தாட்சி என்பது நடந்த நிகழ்ச்சியின் குறிப்பு, பின்னர் எழுந்த விருப்பத்தின் குறிப்பன்று. ஆதலால் அதனை மாற்றுவது சரித்திரத்தை மாற்றுவதாகும் என்பர். வலிமையான வாதந்தான். ஆனால் நமது பதிவேடு எப்பொழுதாவது அவ்வளவு கண்டிப்பாயிருந்ததா? 1941ஆம் ஆண்டின் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின்படி, மகவேற்கப்பட்ட பிள்ளைக்கு, வளர்த்தோரையே பெற்றோராகக் காட்டும் புதிய சான்றிதழ் கொடுக்கப்படுகிறது. பெற்றவள் வேறொருத்தி என்பது உண்மையே. எனினும் பிள்ளையின் வாழ்வு அந்த உண்மையிலும் பெரிது என்று எண்பது ஆண்டுகளுக்கு முன்னரே சட்டம் கண்டுகொண்டது.

பெண்களுக்கென ஒதுக்கிய இடங்களின் பாதுகாப்பைப் பற்றிய கேள்வி இரண்டாவது. இதனை இழித்துப் பேசுதல் தவறு. 2004ஆம் ஆண்டிலேயே பால்நிலை ஏற்புச் சட்டம் செய்த பிரித்தானியாவிலே, சமத்துவச் சட்டத்திலுள்ள 'பெண்' என்ற சொல் உயிரியற் பாலையே குறிக்கும் என்று 2025 ஏப்ரலில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பொருள் கூறியது. திருநர்க்கு அச்சட்டத்திலுள்ள பாதுகாப்பு அதனால் நீங்காது என்றும் சேர்த்தே கூறியது. மறுபுறம், 2012ஆம் ஆண்டிலே ஆர்ஜென்டினா, வைத்தியர் சான்றோ நீதிபதி ஆணையோ இல்லாமலே ஒருவர் தம் பதிவைத் திருத்தலாம் என்று விதித்தது. உலகம் ஒரே திசையிலே போய்க்கொண்டிருக்கவில்லை. ஆனால் இந்த வாதத்தை ஊவாவின் மலைகளுக்குக் கொண்டுவருவோர், அம்மலைகளிலே கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு ஒதுங்குவதற்கு மறைவிடமே இல்லாத நிறைகள் எத்தனை என்பதை முதலில் எண்ணிவிட்டு வருவார்களாயின் நன்று.

மூன்றாவது காரணம், இது மேல்நாட்டிலிருந்து வந்த புதுமை என்பது. இதனை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. தமிழனுக்கு இது புதிதென்று சொல்பவர் தமிழிலக்கணத்தைப் படியாதவர். தொல்காப்பியனார் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே, ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயரை எடுத்துப் பேசுகிறார். அதற்கெனத் தனி ஈறு இல்லை. அது உயர்திணையிலே நின்று, உயர்திணைக்குரிய பால் முடிபையே பெறும் என்கிறார். பின்னும் ஒரு சூத்திரத்திலே, ஆண்பாற் சொல்லால் அவர்களைக் குறித்தல் பொருந்தாது என்கிறார். பவணந்தியார் நன்னூலிலே ஒருபடி மேலே போகிறார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் என்பது அவர் வகுத்த விதி. அவாவுதல் என்ற சொல்லை நேயர்கள் கவனிக்க வேண்டும். பாலை உறுதிசெய்வது அவரவர் அவா என்று அந்தச் சமண முனிவர் எழுதினார். அதே சூத்திரத்தின் இறுதியில், அஃறிணை போலவும் அவர்களைச் சொல்லலாம் என்று அவர் இடங்கொடுத்திருப்பதையும் மறைக்கலாகாது. அக்காலத்து மதிப்பும் இழிப்பும் இரண்டுமே அந்த ஒரு சூத்திரத்துக்குள் இருக்கின்றன.

இலக்கணம் வேண்டாம் என்பவர் கூத்தைப் பார்க்கலாம். பழந்தமிழர் ஆடிய பதினோராடல்களுள் பேடு என்பது ஒன்று. காமன் பேடியுருக் கொண்டு ஆடியதாகச் சிலப்பதிகாரம் கூறும். அந்தக் காமனுக்கே மலையகத்துத் தோட்டங்களில் மாசி மாதந்தோறும் கம்பம் நட்டுக் காமன் கூத்து நடைபெறுகிறது. இரதியாக வேடம் புனைபவர் வழிவழியாக ஆண்மகனே. அவர் விரதமிருக்கிறார், பெண்கள் அவரை வணங்கி விபூதி வாங்குகிறார்கள், கணவனை இழந்து அவர் புலம்பும்போது களத்திலே அழாதவர் இல்லை. வேடம் வேறு, வாழ்வு வேறு என்பது உண்மையே. ஆயினும் அந்த ஓரிரவு நாம் காட்டும் மரியாதை, மறுநாட்காலை வாழ்விலே அதே வடிவில் வருபவரைக் கண்டு கல்லெறிவதாக மாறுவது எவ்வாறு?

நமக்கு நெருங்கிய தமிழ்நாட்டிலே, திருநங்கையர்க்கென 2008ஆம் ஆண்டு நலவாரியம் அமைக்கப்பட்டது. 2014 ஏப்ரல் 15ஆந் தேதி இந்திய உச்ச நீதிமன்றம், தம் பால்நிலையைத் தாமே தீர்மானிக்கும் உரிமை ஒவ்வொருவர்க்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. தூத்துக்குடியிலே ஓர் ஆடவரும் ஒரு திருநங்கையும் செய்துகொண்ட திருமணத்தைப் பதியப் பதிவாளர் மறுத்தபொழுது, மதுரையிலிருக்கும் சென்னை உயர் நீதிமன்றக் கிளை 2019 ஏப்ரலில், மணமகள் என்ற சொல் திருநங்கையையும் உட்கொள்ளும் என்றது. அதே தீர்ப்பிலே, பால் வேறுபட்ட உடலமைப்போடு பிறக்கும் குழந்தைகளுக்கு அவசியமின்றி அறுவைச் சிகிச்சை செய்வதையும் தடுக்கச் சொன்னது. தமிழ்நாட்டரசும் அவ்வாண்டே அதற்கு ஆணை பிறப்பித்தது. அறியாப் பருவத்துப் பிள்ளையின் உடலைப் பிறர் தீர்மானிப்பதைப் பற்றிய இச்செய்தி நமது தோட்டத்துத் தாய்மார் காதுக்கும் எட்டவேண்டியது.

இனிச் செய்யத்தக்கது யாது? பெருஞ்சட்டம் வருமட்டும் காத்திராமலே செய்யத்தக்கவை சில உள. பிறப்பத்தாட்சியும் அடையாள அட்டையும் இல்லாதவர்க்காகத் தோட்டங்களிலே நடமாடும் சேவைகள் நடத்தப்பட்டு, பல்லாயிரவர் பயனடைந்ததை நாம் அறிவோம். அச்சேவையிலே இதற்கும் ஒரு மேசை போடலாமே என்று சிலர் கூறுவர். எனக்கு அதில் ஐயம் உண்டு. ஊரே வரிசையில் நிற்கும் களத்திலே, அந்த மேசையை நோக்கி நடக்கத் துணிபவர் யார்? அதைக் காட்டிலும், பதுளையிலும் பண்டாரவளையிலும் உள்ள வைத்தியசாலைகளிலே மாதத்தில் ஒரு நாள் தமிழ் பேசும் அலுவலர் ஒருவர் இருப்பதும், மற்ற நோயாளரோடு நோயாளராய் எவரும் அறியாமல் போய்வர இயல்வதும் பயன் தரும். சுற்றறிக்கையின் தமிழ் வடிவம் ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் பதிவாளரின் மேசை மேலே இருத்தல் வேண்டும். அட்டை இலக்கம் மாறும்பொழுது, பழைய இலக்கத்திலுள்ள சேமலாப நிதியும் பரீட்சைச் சான்றிதழும் புதிய இலக்கத்தோடு தாமாகவே இணைக்கப்படுதல் வேண்டும். ஒவ்வோர் அலுவலகமாகச் சென்று ஒவ்வொருவரிடமும் தன் கதையைச் சொல்லுமாறு ஒருவரை வைப்பது கொடுமை.

2023ஆம் ஆண்டிலே, இம்மலைகளுக்கு நம் முன்னோர் வந்து 200 ஆண்டு ஆனதை நினைந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நம்மவர் நடந்து சென்றனர். அப்பொழுது எழுந்த கோரிக்கைகளுள் ஒன்று, 'எங்களை இந்தியத் தமிழர் என்று எழுதாதீர்கள், மலையகத் தமிழர் என்று எழுதுங்கள்' என்பது. எங்கள் பெயரை நாங்களே சொல்லுவோம் என்று அந்த நெடுவழியிலே நடந்தவர்களோடு, நான் முன்பு சொன்ன தோட்டத்துப் பிள்ளையும் நடந்திருக்கலாம். யார் கண்டது?